கொம்பையா வீட்டுக் குறி

ராத்திரி பன்னிரண்டு மணி இருக்கும். விளாத்திகுளத்திலிருந்து எட்டயபுரம் வருகிற ரோடு. இரண்டு பக்கமும் கரிசல் காடு. மிளகாய் எடுத்து முடிந்து வெறும் செடிதான் காய்ந்து நின்றது. ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. அந்த ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் வந்தது... ரோட்டோரத்து வெள்ளைக்காரத் துரை கல்லறைக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டது.

சும்மா நிற்கவில்லை. முன்விளக்கு, பாட்டு, ஏசி எல்லாம் ஒன்றாக அணைந்து போயின.

இன்னும் நெருங்கி உட்காருங்கள். வேன் டிரைவர் பஞ்சரான டயரைத் தூக்கிக்கொண்டு கடம்பூருக்குப் போயிருக்கிறான். அவன் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். அந்த செல்போன் விளக்கையும் அணைத்து வையுங்கள், சார்ஜ் போய்விடும்.

"சொர்ணக்கா, இது நெசமா நடந்ததா, இல்ல நீயா கட்டி விடுதியா?" என்று கிருஷ்ணவேணி கேட்டாள்.

"ஏட்டி, போன வருசம் வரைக்கும் இதே வேன்ல நம்மகூட தீப்பெட்டி ஆபீசுக்கு வந்தாளே மாரிசெல்வி, அவ பெரியப்பா மவனுக்கு நடந்தது. வேணும்னா அவளையே போய் கேளு. வாய மூடிட்டு கேக்குதியா, இல்ல நான் படுத்துத் தூங்கட்டுமா?"

கிருஷ்ணவேணி வாயை மூடிக்கொண்டாள்.

காரை ஓட்டி வந்தவன்தான் மாரிசெல்வியின் பெரியப்பா மகன் பூவனநாதன். பின்சீட்டில் அவன் பெண்டாட்டி சுந்தரேஸ்வரி. அவள் மடியில் ஐந்து வயதுப் பிள்ளை பிரித்திகா, நல்ல தூக்கம். அன்றைக்குக் காலையில்தான் கோவில்பட்டியில் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியிருந்தார்கள். விசேஷம் முடிந்து, சுந்தரேஸ்வரியின் அப்பா அம்மாவை விளாத்திகுளத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

முதலில் வாடை வந்தது. நனைந்த தோல் வாடை... அதோடு சுருட்டு வாடை. கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது. அப்புறம் சத்தம். டக்... டக்... டக். குதிரைக் குளம்பு. தார் ரோட்டில் கேட்கிற மாதிரி இல்லை, கல்லும் சரளுமாகக் கிடக்கிற ரோட்டில் நடக்கிற மாதிரி. காரை ஒரு சுற்று சுற்றியது. பின்கதவுப் பக்கம் வந்து நின்றது.

தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் வலது கை மேலே எழும்பியது. யாரோ பிடித்துத் தூக்கிவிடுகிற மாதிரி அந்தரத்தில் நின்றது. சுந்தரேஸ்வரி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்... வரவில்லை. தன் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். "மாமா... கொம்பையா மாமா!" என்று செத்துப்போன மாமனாரைக் கூப்பிட்டு அலறினாள். ஏன் அவரைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. எங்கேயோ தூரத்தில், காட்டுக்குள், ஓர் ஆட்டு மணி கிணுங்கியது. கை விடுபட்டது. கார் விளக்கு எரிந்தது.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால் பிள்ளையின் மணிக்கட்டில் நான்கு விரல் தடம், ஒரு கட்டைவிரல் தடம். பெரிய ஆம்பளைக் கை. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் ஐஸ்.

இவ்வளவு பேர் போகிற ரோட்டில் அந்தப் பச்சைப்பிள்ளையை மட்டும் ஏன் பிடித்தது? எல்லாம் அவள் அப்பன் ஆடிய கூத்தால்தான்.

பூவனநாதனின் அப்பா கொம்பையா செம்மறி ஆடு மேய்த்தவர். அறுவடை முடிந்த காடுகளில் ராத்திரி ஆட்டை அடைத்துக் கிடை போட்டு, பனியில் கிடந்து, குட்டி விற்ற காசில் மகனைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தவர். கிடை போடுகிறவர்கள் வீட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. குட்டியின் காதில் வெட்டுவார்கள். கொம்பையா வீட்டுக் குறி, இடது காதின் நுனியில் ஒரு பிளவு, அதற்குக் கீழே ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு. நாலு பேர் கிடை ஒன்றாகக் கலந்தாலும் காதைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். என் குறி இருக்கிற ஆடு என் ஆடு, நீ கொடுத்துத்தான் ஆகவேண்டும். குறி இல்லாத ஆடு வழிதப்பி வந்தால் கண்டவன் பிடித்துத் தன் குறியைப் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பஞ்சாயத்தே கிடையாது.

மகன் படித்துக் கிழித்தது என்ன தெரியுமா? அப்பன் ஆடு மேய்த்த காட்டை வளைத்து வாங்கினான். கல் ஊன்றினான். 'ராயல் கார்டன்' என்று போர்டு வைத்து பிளாட் போட்டு விற்றான். கார்டனாம்! ஒரு மழை பெய்தால் முழங்கால் வரைக்கும் உள்ளே இழுக்கிற கரிசல். அதில் ராயல் வேறு. சென்னைக்காரன் கூகுளில் பார்த்துவிட்டு வாங்கினான், விழுந்தது காசு.

காசு வந்ததும் அவனுக்கு ஒரு குறை வந்துவிட்டது. பரம்பரை இல்லை. பெரிய மனிதர்கள் நடுவில் உட்கார்ந்து "எங்க குடும்பம் வந்து..." என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை ஆடு. அது அவனுக்குத் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அவன் தின்ற சோறு மட்டும் மாட்டவில்லை.

தூத்துக்குடியில் ஒரு பழைய சாமான் கடை. வெள்ளைக்காரன் காலத்து பங்களா எதையோ இடித்த சாமான்கள் அங்கே வந்திருந்தன. அதில் ஒரு வெள்ளிக் குவளை, ஒரு பழுப்புக் காகிதம். காகிதத்தின் அடியில் சிவப்பு அரக்கில் முத்திரை. குவளையிலும் அரக்கிலும் ஒரே சித்திரம். ஒரு கேடயம். அதன் இரண்டு பக்கமும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரண்டு நாய். மேலே ஓர் இரும்புத் தொப்பி, தொப்பிக்கு மேலே மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட ஒரு கை. விரலை இறுக்கி மடக்கிய கை. கீழே ரிப்பனில் மூன்று வார்த்தை, இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை. வெள்ளைக்காரர்களில் பெரிய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு முத்திரை உண்டாம். தட்டு, கரண்டி, பெட்டி, பத்திரம், கல்லறை, எல்லாவற்றிலும் போட்டுக்கொள்வார்களாம்.

நம்ம ஆள் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து, "எங்க பூட்டனுக்கு துரை குடுத்தது. இதுதான் எங்க குடும்ப முத்திரை" என்று சொல்ல ஆரம்பித்தான். துரை இவன் பூட்டனுக்குக் கொடுத்ததெல்லாம் சவுக்கடியாகத்தான் இருக்கும்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் குடையோடு நிற்கவில்லை. புது வீட்டு கேட்டில் அந்தச் சித்திரத்தை ஆள் உயரத்துக்கு வார்த்து மாட்டினான். ராயல் கார்டன் போர்டில், விசிட்டிங் கார்டில், கார் கண்ணாடியில், சோபா உறையில், எங்கே பார்த்தாலும் இரண்டு நாயும் ஒரு கையும். பழுப்புக் காகிதத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூ வேறு போட்டான். பின்னால் ஒரு வயசான சர்ச் சாமியார் வந்து அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். துரையின் குதிரைக்குக் கொள்ளு வாங்கின சீட்டாம் அது. கொள்ளுச் சீட்டுக்கு மல்லிகைப்பூ! தூ...

கொம்பையா அப்போது உயிரோடு இருந்தார். ஆட்டையெல்லாம் விற்க வைத்து அவரைக் கோவில்பட்டிக்குக் கூட்டி வந்திருந்தான். கேட் ஓரமாக இருந்த வாட்ச்மேன் ரூமில் கிடந்தார். உள்ளே வந்தால் ஆட்டு வாடை அடிக்குமாம். பால் காய்ப்புக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைக் காட்டி, "அது யாரு சார்?" என்று கேட்டார்.

"பழைய வேலையாளு சார். வயசாயிட்டு, போக்கிடம் இல்ல. நாமளே வச்சுப் பாக்குதோம்" என்றான், பெற்ற மகன்.

கொம்பையா காதிலேயே விழுந்தது. சாயங்காலம் சாப்பாடு கொண்டுபோன மாரிசெல்வியிடம் மட்டும் சொன்னாராம்: "குறி வேண்டாம்னுட்டு ஓடுத ஆட்ட நான் தேட மாட்டேன் தாயி. அது எவன் கிடையிலயும் போய்ச் சேரட்டும்."

அந்த ரூமிலேயே செத்தும் போனார். செத்த பிறகுதான் அவருக்கு மரியாதை வந்தது. ரேஷன் கார்டில் இருந்த போட்டோவை எடுத்து, செல்போனில் என்னவோ ஆப் இருக்கிறதே, அதில் போட்டு, கோட்டு மாட்டி, தலைப்பாகை வைத்து, மீசையை முறுக்கி, கையில் வாள் கொடுத்து, அடியில் அந்த முத்திரையையும் பதித்து, ஹாலில் ஆறடிக்கு மாட்டினான். அதைப் பார்த்து மாரிசெல்வி, "அண்ணே, இது ஆரு?" என்று கேட்டாள். "ஏட்டி, எங்க அப்பா" என்றான். "ஓ... சொன்னாத்தான் தெரியுது" என்றாள். அவர் ஆட்டுக் காதில் குறி வெட்டுகிற கத்தியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். அவர் கம்பளி நாய்க்குப் படுக்கையாகிவிட்டது.

இதெல்லாம்கூட அப்படியே போயிருக்கும். காதுகுத்துதான் காரியத்தைக் கெடுத்தது.

அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளாத்திகுளம் பக்கத்துக் குலசாமி கோயிலில்தான் காது குத்துவார்கள். இவன் கோவில்பட்டியில் ஏசி மண்டபம் பிடித்தான். பத்திரிகையில் முத்திரை. சாப்பாட்டுத் தட்டில் முத்திரை. அதோடு விட்டானா? பிள்ளைக்குப் போடுகிற தோட்டையே அந்த முத்திரை மாதிரி தங்கத்தில் செய்யச் சொல்லியிருந்தான். குட்டிக் கேடயம், குட்டி நாய், குட்டிக் கை.

மாரிசெல்வி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே சித்திரத்தை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள், எட்டயபுரம் ரோட்டு ஓரத்துத் துரை கல்லறையில். பெரியப்பாவோடு ஆட்டுக்குப் பின்னால் போகும்போது. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் புல் நிற்கும், எந்த ஆடும் வாய் வைக்காது. பூவனநாதனும் பார்த்ததுதான். பார்த்ததையெல்லாம் மறக்கத்தானே அவன் காலேஜுக்குப் போனது.

"அண்ணே, வேண்டாண்ணே. சட்டையில போடு, செவுத்துல போடு, என்னமும் பண்ணு. நம்ம கிடைக்காரன் வீடு. நம்ம வீட்டுப் பிள்ள காதுல அடுத்தவன் குறியப் போடலாமா?"

"ஏட்டி மாரி, பிள்ளைக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு? போ, போய் சாப்டு. பாயாசம் இருக்கு" என்றான்.

காது குத்தியாயிற்று. தோடு ஏறியாயிற்று. அன்றைக்கு ராத்திரிதான் அந்த ரோடு.

அப்புறம் தினமும் ராத்திரி குளம்புச் சத்தம் வீட்டுக்கே வந்தது. டக்... டக்... கேட்டுக்கு வெளியே நிற்கும். கேட்டில் தன் முத்திரை இருக்கிறதே, துரைக்கு வழி கேட்க வேண்டிய வேலையே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கேட்கும். அப்புறம் மாடிப்படியில் தோல் பூட்ஸ் சத்தம். அந்த வாடை. பிள்ளையின் கை அந்தரத்தில் எழும்பும். சுந்தரேஸ்வரி விடிய விடியப் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டே கிடப்பாள். ஒவ்வொரு நாளும் இழுப்பு கூடிக்கொண்டே போனது.

பிள்ளை சாப்பிடவில்லை. விரல் பட்ட இடத்திலிருந்து குளிர் மேலே ஏறியது, முழங்கை, தோள்பட்டை. டாக்டர் ஊசி போட்டார், ரத்தம் எடுத்தார், ஒன்றும் இல்லை என்றார். தோட்டைக் கழற்றலாம் என்று பார்த்தால் திருகாணி அசையவில்லை. நகைக்கடை ஆசாரி வந்து குறட்டால் திருகினார். குறடுதான் வழுக்கியது. பிள்ளை தூக்கத்தில் என்னமோ சொல்ல ஆரம்பித்தாள். மூன்று வார்த்தை. திரும்பத் திரும்ப அதே மூன்று வார்த்தை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற பாஷை இல்லை.

அப்போதுதான் அந்த சர்ச் சாமியாரைக் கூப்பிட்டார்கள். கொள்ளுச் சீட்டுக்குச் சிரித்த மனிதர், ரிப்பனில் இருந்த வார்த்தைக்குச் சிரிக்கவில்லை.

"லத்தீன்" என்றார். "பிடித்ததை விடமாட்டேன். அதுதான் இதுக்கு அர்த்தம்."

சரி, இவ்வளவுக்குப் பிறகு ஒரு மனிதன் என்ன செய்வான்? முதலில் கேட்டில் இருக்கிறதைப் பெயர்த்து எறிவான். நீங்கள் செய்வீர்கள், நான் செய்வேன். இவன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராயல் கார்டன் இரண்டாம் பாகம் திறப்பு விழா. சென்னைப் பார்ட்டி வருகிறது. "அது முடியட்டும், எடுத்துருவோம்" என்றான். பிள்ளை தோள்வரைக்கும் சில்லிட்டுக் கிடக்கிறது... இவனுக்கு விழா முடியவேண்டும்! இவனெல்லாம் ஒரு அப்பன்.

சுந்தரேஸ்வரிதான் மாரிசெல்வியைத் தேடி வந்தாள். வாசலில் நின்றபடியே அழுதாள். "மாரி, எம்பிள்ள இன்னொரு ராத்திரி தாங்காது. ஏதாவது சொல்லு."

"மைனி, துரை தன் குறியப் பாத்து வாரான். நம்ம குறிக்காரருதான் வந்து மீக்கணும். பெரியப்பாவக் கூப்பிடுங்க. ரோட்டுல கூப்பிட்டப்போ மணி அடிச்சுதுல்லா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்? நாய்க்குப் போட்டோமே அவிய கம்பளிய..."

"கூப்பிடுங்க மைனி. ஒங்க மேல அவியளுக்குக் கோவம் கெடையாது."

அன்றைக்குப் பொழுது அடைந்ததும் சுந்தரேஸ்வரி நாயை எழுப்பிவிட்டு அந்தக் கம்பளியை எடுத்து உதறினாள். ஹாலில் கோட்டுப் போட்ட படத்தைத் திருப்பி வைத்தாள். கம்மங்கூழ் கரைத்து, வெங்காயம் உரித்து வைத்து, பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாரிசெல்வி. அந்த நாயும் போகவில்லை, கம்பளியின் நுனியில் தலையை வைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

பூவனநாதன் மாடியிலிருந்து போனோடு இறங்கி வந்தான். சென்னைப் பார்ட்டியோடு வீடியோ கால். "அந்த நாத்தம் புடிச்ச கம்பளிய எதுக்கு ஹாலுக்குள்ள கொண்டாந்த?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

சுந்தரேஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. "மாமா, நான் கொம்பையா வீட்டு மருமக. இது கொம்பையா வீட்டுப் பிள்ள. வாங்க மாமா" என்றாள். பிள்ளையும் கண்ணைத் திறக்காமல், "நான் கொம்பையா தாத்தா பேத்தி" என்று முனகியது.

அப்போது கேட்டது. கிணிங்... கிணிங். ஒன்று, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியாத மணி. தெரு முழுக்க. ஆட்டுப் புழுக்கையும் மழையில் நனைந்த ரோமமும் கலந்த வாடை வீட்டுக்குள் வந்தது.

"நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்று சுந்தரேஸ்வரி புருஷனைக் கெஞ்சினாள். "நான் கொம்பையா மவன்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்த."

மணி கேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவனுக்கும் கேட்டது. வாயைத் திறந்தான். சொல்லத்தான் வந்தான் என்று மாரிசெல்வி சத்தியம் பண்ணுகிறாள். அந்த நேரம் பார்த்து போனுக்குள்ளிருந்து சென்னைக்காரன், "யாரு சார் கொம்பையா?" என்று கேட்டான்.

இவன் போனைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

"பழைய வாட்ச்மேன் சார்" என்றான்.

மணிச் சத்தம் நின்றது. அத்தனை மணியும், ஒரே சமயத்தில்.

அவன் மாடிக்கு ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கீழே கரண்ட் போனது. இருட்டுக்குள் டக்... டக்... குளம்பு வந்தது. சுருட்டு வாடை வந்தது. பிள்ளையின் கை எழும்பியது. சுந்தரேஸ்வரி பிடித்து இழுத்தாள்... இந்தத் தடவை அவளால் முடியவில்லை. பிள்ளை மடியைவிட்டு எழும்புகிறது, கம்பளியோடு எழும்புகிறது... அப்போது காதுக்குப் பக்கத்தில், ஆடு ஓட்டுகிறவர்கள் நாக்கை மடக்கிக் குரல் கொடுப்பார்களே, அந்தக் குரல். "ட்ர்ர்ர்ர்... ஏய்!" கம்பு ஒன்று தரையில் ஓங்கி விழுந்தது. குதிரை மிரண்டு கனைத்தது. அதற்கப்புறம் மாரிசெல்விக்கு ஒன்றும் நினைவில்லை.

விடிந்து கண் விழித்தால் பிள்ளை கூழைக் கையால் வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். உடம்பு கதகதவென்று இருந்தது. விரல் தடம் இல்லை. தோடும் இல்லை. வாசலில் பார்த்தால் குவியலாக ஆட்டுப் புழுக்கை, சூடு ஆறாமல். அதற்கு நடுவில் கிடந்தன இரண்டு தங்கத் தோடும், நசுங்கிப் போய்.

பிள்ளையின் இடது காதின் நுனியில் ஒரு பிளவு. கீழே பிறை மாதிரி ஒரு வெட்டு. ரத்தம் இல்லை, காயம் இல்லை. பிறந்ததிலிருந்தே இருந்த மாதிரி ஆறிய தழும்பு. சுந்தரேஸ்வரி தன் காதைத் தடவிப் பார்த்தாள்... இருந்தது. அந்த நாயின் காதைத் தூக்கிப் பார்த்தார்கள். அதற்கும் இருந்தது.

"அவனுக்கு?" என்றாள் கிருஷ்ணவேணி.

அதைத்தான் அவனும் கேட்டான். மாடியிலிருந்து ஓடி வந்தான், மூன்று பேர் காதையும் பார்த்தான், கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். முழுசான காது. மொழுமொழுவென்று இருந்தது. வீட்டு நாய்க்குப் போட்ட குறியை அவர் பெற்ற பிள்ளைக்குப் போடவில்லை.

சுந்தரேஸ்வரி பிள்ளையையும் நாயையும் கூட்டிக்கொண்டு விளாத்திகுளத்துக்குப் போய்விட்டாள். துரை கல்லறையைத் தாண்டித்தான் போனாள், ஒரு சத்தம் இல்லை. குளம்புச் சத்தம் இப்போது அவன் ஒருத்தனுக்குத்தான். கேட்டில் இருந்ததைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தான், போர்டைக் கொளுத்தினான், குவளையைக் கிணற்றில் போட்டான். அது நிற்கவில்லை. ஊருக்குப் போய் அப்பாவைப் புதைத்த இடத்தில் இடது காதைத் தரையோடு வைத்து ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தான். "அப்பா, நான் ஒங்க மவன், ஒங்க மவன்" என்று ஆடு கத்துகிற மாதிரி கத்தினானாம். காலையில் எழுந்தபோது காதில் மண்தான் ஒட்டியிருந்தது. பிளேடை எடுத்துத் தானே வெட்டிக்கொண்டான். மறுநாள் காது கூடிக்கொண்டது. எந்த ஆடு தனக்குத் தானே குறி போட்டிருக்கிறது?

போன வாரம் மாரிசெல்வி வீட்டுக்கு வந்து காலில் விழுந்துவிட்டான். வலது கையை முழங்கைவரைக்கும் துண்டால் சுற்றியிருந்தான். "நீ அந்த வீட்டுல பொறந்தவ. ஒனக்கு உரிமை உண்டு. நீ வெட்டுட்டி" என்று அழுதான். எனக்காக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். அவள் மனசு இளகியவள். அவள் அப்பாவிடம் பழைய கத்தி இருந்தது. அதே வீட்டுக் குறிதானே. கத்தியைச் சுடவைத்து, பெரியப்பா பெயரைச் சொல்லி, நுனியைப் பிளந்து, பிறையையும் வெட்டி எடுத்தாள். ரத்தம் கொட்டியது. மஞ்சள் வைத்துக் கட்டி அனுப்பினாள். வெட்டி எடுத்த அந்த நகக்கண் அளவுச் சதையை எறிய மனசு வராமல் ஒரு காகிதத்தில் மடித்து மாடக்குழியில் வைத்தாள்.

காலையில் போன் பண்ணினான். பேசவில்லை, அழுதான். காது கூடிவிட்டது.

மாரிசெல்வி மாடக்குழியிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். சதை இல்லை. சிவப்பு அரக்கு. அப்போதுதான் உருக்கி ஊற்றிய மாதிரி இளகிக் கிடந்தது... அதன்மேல் விரலை மடக்கிய ஒரு கை பதிந்திருந்தது.